ஞானமணி நிறுத்திய வண்டி

சித்தூரில் மாம்பழக் கூழைத் தகர டப்பாவில் அடைத்து அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவுக்கு ஞானமணிதான் பொறுப்பு. முதலாளியே வந்து நின்று அவசரப்படுத்தினாலும், டப்பாவின் அடியில் அச்சடித்த பேட்ச் எண்ணைப் பார்க்காமல் ஒரு லாரியைக்கூட நகர விட மாட்டாள். இந்த அதிகாரமெல்லாம் வீட்டுக்குள் செல்லாது என்று அவள் கணவர் இயேசுதாசன் அவர்கள் போகும் தேவாலயச் சபை முழுக்கச் சொல்லித் திரிந்தார். சபையில் ஒருத்தரும் அதை நம்பியதாகத் தகவல் இல்லை.

மகள் ஹன்னாவுக்குத் திருப்பதியில் வேலை. கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் பைக்கில் போய்வருகிறாள் என்று, ஒரு சின்ன எஸ்யூவி வாங்கித் தர முடிவானது. கார்தான், கொஞ்சம் ஜீப் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். இயேசுதாசனுக்குப் பொருத்தமான வண்டி.

அந்தச் சபையில் யார் வண்டி வாங்கினாலும் முதலில் ஆலயத்துக்குக் கொண்டுவந்து ஜெபம் பண்ணிய பிறகுதான் குடும்பம் ஏறும். அதிலும் அறுப்பின் பண்டிகை ஞாயிறு என்றால் கூட்டம் அலைமோதும். போன பண்டிகையில் பாடகர் குழுத் தலைவர் ஜெபசிங்கின் வண்டி ரிப்பனோடு நின்றது. இயேசுதாசனுக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. வண்டியை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, அதற்குள் ஆராதனை நடுவே சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, "வர்ற பண்டிகைக்கு நம்ம வண்டி வருது. ஃபைவ் ஸ்டார் வண்டி!" என்று அறிவித்துவிட்டார்.

பண்டிகைக்கு முந்தின வாரம் இருவரும் திருப்பதி ஷோரூமுக்குப் போனார்கள். விற்பனைப் பையன் தருண் நல்ல பேச்சுக்காரன். "ரண்டி ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்று, "ரெடி ஸ்டாக் இருக்குது சார், வெள்ளிக்கிழமையே டெலிவரி" என்றான். பாதுகாப்புக்கு ஐந்து ஸ்டார் வாங்கித் தந்த, சுவரில் மோதும் சோதனை வீடியோவையும் போட்டுக் காட்டினான். வண்டியின் மூக்கு நசுங்கியது. உள்ளே பொம்மை மனிதர்கள் பத்திரமாக இருந்தார்கள். இயேசுதாசன் கதவை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, கோவில் மணியைக் கேட்டவர் மாதிரி கண்ணை மூடித் தலையாட்டினார்.

"தம்பி, இந்த அஞ்சு ஸ்டாரு எந்த பேட்சுக்கு?" என்று கேட்டாள் ஞானமணி.

"ஆன்ட்டி, பேட்ச் பாக்கறதுக்கு இது இன்னா டப்பாவா?"

"டப்பாவா இல்லியான்னுதான் கேக்கறேன்."

தருண் சிரித்தாலும் பொய் சொல்கிற பையன் இல்லை. சோதனை அறிக்கையைப் போனில் திறந்து கொடுத்தான். ஞானமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிவரை போனாள். பக்கவாட்டு ஏர்பேக் எல்லா ரகத்திலும் வைத்து, ஜூனுக்குப் பிறகு தயாரித்த வண்டிகளுக்குத்தான் இந்த மதிப்பு என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

"ரெடியா நிக்குதே, அது எந்த மாசத்துது?"

தருண் போய் சேசிஸ் எண்ணைப் பார்த்துவிட்டு வந்தான். "மார்ச் ஆன்ட்டி."

"அப்போ அதுக்கு இன்னா ஸ்டாரு?"

"பழைய டெஸ்ட்டுல பெரியவங்களுக்கு மூணு." குரல் இறங்கியது. "கொழந்தைக்கு ரெண்டு. புது பேட்ச் வரும், ரெண்டு மாசம் ஆவும்."

இயேசுதாசனுக்கு முகம் சிவந்தது. "ரெண்டு மாசமா? ஞாயித்துக்கெழம சபையில இன்னாத்த காட்டறது, உன் மூஞ்சியவா? ஏர்பேக்குல பொறந்து வளந்தியா நீ?"

"இன்னாங்க, கொழந்தைக்கு ரெண்டுன்னு சொல்றானே, காதுல வுழலியா?"

"ஊரே எதிர்பாத்துக்கினு கீது ஞானம். ஜெபசிங்கு சிரிப்பான்."

அதுவரை மரியாதையாக இருந்த ஞானமணி குரலை மாற்றினாள். "யோவ், அவன் சிரிச்சிட்டுப் போறான். பேத்திய அந்த சீட்டுல ஒக்கார வச்சி தெனமும் லாரிங்க நடுவுல அனுப்பறது நாமதான்யா."

புது பேட்சுக்குப் பதிவு செய்துவிட்டுத்தான் எழுந்தாள். திரும்பும் பேருந்தில் இயேசுதாசன் ஜன்னலோடு குடித்தனம் நடத்தினார். ஞானமணிக்கு உள்ளுக்குள் கலக்கம்தான். சபையில் தலைகுனிவது இந்த மனிதருக்கு வயிற்றுவலியைவிட மோசம் என்று அவளுக்குத் தெரியும். நானே எழுந்து சொல்லிவிடுகிறேன் என்றாள்.

பண்டிகை ஞாயிறு. சாட்சி நேரம் வந்ததும் அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு எழப்போனாள். அதற்குள் இயேசுதாசன் முன்னால் போய்விட்டார்.

"ஸ்தோத்திரம். வண்டி வரல," என்றார்.

பாடகர் வரிசையிலிருந்து ஜெபசிங்கின் குரல் வந்தது: "இன்னாண்ணே, உன் ஃபைவ் ஸ்டாரு பெத்லகேமுக்குப் போயிடுச்சா?"

ஆலயமே சிரித்தது. பாஸ்டர் ஐயா வேதப்புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்தி வைத்துக்கொண்டார்.

"சிரிங்க, சிரிங்க. நான் பாத்ததெல்லாம் கலரும் ரிப்பனும்தான். பண்டிகைக்கு வோணும்னு அவசரப்பட்டு பழைய ஸ்டாக்க வூட்டுக்கு இஸ்த்துக்கினு வந்திருப்பேன். அதுக்கு அஞ்சு ஸ்டாரு கெடயாது. எம் பொண்டாட்டி நிறுத்திட்டா. அன்னிக்கி இங்க நின்னு நான் சொன்னத நம்பி யாராச்சும் வாங்கறதா இருந்தா, அந்தப் பேச்ச வாபஸ் வாங்கிக்கறேன். எந்த மாசம் செஞ்சதுன்னு கேட்டு வாங்குங்க." பெண்கள் பக்கம் கையை நீட்டினார். "தெரியலன்னா அதோ ஒக்காந்துகினு கீறாங்களே, அவங்களக் கேளுங்க."

இத்தனை வருடத்தில் அவர் சபைக்கு முன்னால் அவளை 'அவங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஞானமணி பாட்டுப் புத்தகத்தில் ஏதோ முக்கியமாகத் தேடுகிறவள் போலக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த எலிசா விலாவில் இடித்து, "நிமிந்து ஒக்காரு அக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். நிமிர்ந்தாள். நன்றாகவே நிமிர்ந்தாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஜெபசிங் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து நின்றான். "அக்கா... நாயுடுபேட்டையில எந்தம்பி அதே வண்டிக்குத்தான் சொல்லி வச்சிக்கினு கீறான். ரெடி ஸ்டாக்காம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் இயேசுதாசன் குறுக்கே வந்தார்.

"போன் போட்டுக் குடுடா. மேடம் பேசுவாங்க."