படலையில் சாத்திய சைக்கிள்

புத்தூரில் எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் காலை மணி அடித்ததும் வகுப்புகளைச் சுற்றிவந்து வராதவர்கள் யார் என்று பார்ப்பார். முதலாம் பாடம் முடியுமுன்னே வராதவனின் வீட்டுக்கு ஒருவனை அனுப்பி விசாரிப்பார். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் கொட்டகையில் ஒரு சைக்கிள் நின்றால், தானே அதைத் தள்ளிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார். அந்த நாளில் பள்ளிக்கு வராமல் ஒளிக்கிறவனைத் தேடியது படிப்புக்காக மட்டும் அல்ல. ஒருவனைக் காணவில்லை என்றால் ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போய்விட்டான் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் நினைப்பு.

என் அண்ணை அப்படித்தான் போனார். ஒருநாளும் பள்ளிக்கு ஒளிக்காதவர். ஒரு மத்தியானம் அவருடைய சைக்கிளை மட்டும் யாரோ கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசற் படலையில் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். புத்தகப் பை கரியரில் கட்டியபடி இருந்தது. நான் அப்போது வீட்டில் இல்லை. அம்மாதான் கண்டார்.

அந்தச் சைக்கிள் பிறகு எனக்கு வந்தது.

"நீ பெயிலானாலும் பரவாயில்லை. வகுப்பு வாங்கிலை இருந்தாச் சரி," என்பார் அம்மா. எனக்கு அந்த வாங்குப் பலகையில் இருப்பதுதான் முடியாத காரியம். வெளியே லொறிச் சத்தம் கேட்டால் அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் இருக்க வராது.

ஒருநாள் இடைவேளையில், வெங்காயம் ஏற்றிய லொறி ஒன்று பட்டினத்துக்குப் புறப்பட நின்றது. மூட்டை இறக்க ஓர் ஆள் வேண்டும் என்றார் டிரைவர். நான் வேலியால் புகுந்தேன். பக்கத்து வாங்குக்காரன் பின்னால் ஓடிவந்தான்.

"எடேய், எங்கை போறாய்?"

"பட்டினத்துக்கு. அப்பிடியே குருநகரையும் பார்த்திட்டு வாறன். பள்ளிக்கூடம் விட்ட உடனை என்ரை சைக்கிளைக் கொண்டுபோய் எங்கடை படலையிலை சாத்திவிடு. கொட்டகையிலை நிண்டா அதிபர் தள்ளிக்கொண்டு போயிடுவார்."

"அடி விழுந்தா எனக்கும் பங்கோ?"

"உனக்கு மீன் வாங்கியாறன்."

"பச்சை மீனைப் பொக்கற்றுக்கை வைச்சோ? போடா!"

அம்மா பொழுதுபடும்வரை தோட்டத்தில் நிற்பார், அதற்குள் வந்துவிடலாம் என்பது என் கணக்கு. மூட்டை இறக்கிவிட்டுக் குருநகரில் வள்ளங்கள் கரைக்கு வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும்போது லொறிக்குக் காற்றுப் போய்விட்டது. ஊரில் அன்று மழை பிடித்து, அம்மா பொழுது இருக்கவே வீட்டுக்கு வந்திருக்கிறார். படலையில் சைக்கிள். கரியரில் புத்தகப் பை.

நான் வந்தபோது எங்கள் முற்றத்தில் செத்தவீட்டுக்குப் போல ஆட்கள்.

"உவன் நிக்கிறானடி!" என்று கத்தினார் பக்கத்து வீட்டு மாமி. "கொம்மா உன்னைத் தேடிக் இயக்கக் காம்புக்கெல்லோ போட்டா! ஓடடா!"

சைக்கிளை எடுத்துக்கொண்டு மிதித்தேன். தோட்டங்களுக்கு அப்பால், ஆட்கள் விட்டுவிட்டுப் போன ஒரு கல்வீட்டில்தான் இயக்கத்தின் முகாம். அம்மா வாசலில், ஈர மண்ணில் இருந்தார்.

"மூத்தவன்தான் உங்களோடை வந்திட்டான். சின்னவனையாவது விடுங்கோ ராசா."

"உங்கடை மகன் இங்கை வரேல்லை அம்மா. எத்தினை தரம் சொல்லுறது?" என்றான் காவலுக்கு நின்ற பொடியன். அதற்குள் என்னைக் கண்டுவிட்டான். "இவரோ நீங்கள் தேடின ஆள்?" தலையிலிருந்து கால்வரை பார்த்தான். "என்ன வகுப்பு, தம்பி?"

நான் வாய் திறக்குமுன் அம்மா எழும்பிவிட்டார். "அவன் வருத்தக்காறன். நெஞ்சு வருத்தம்."

எனக்கு ஒரு நோயும் இல்லை.

"வருத்தக்காறன் சைக்கிள் நல்லா ஓடுறார்," என்று அவன் சிரித்தான்.

வழியெல்லாம் அம்மா கரியரைப் பிடித்தபடி நடந்தார். அடிக்கவில்லை. ஒரே ஒரு தரம்தான் வாய் திறந்தார்: "நானே போய் உன்னைக் காட்டிக் குடுத்திட்டன்."

மறுநாள் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. வழக்கம்போல முதலாம் பாடத்தில் ஒருவன் விசாரிக்க வந்தான். பின்னேரம் அதிபரே வந்தார்.

"படிப்பை நிப்பாட்டாதையுங்கோ அம்மா. இனி நானே வாசலிலை நிண்டு பார்ப்பன்."

"மூத்தவனையும் நீங்கள்தானே பார்த்தனீங்கள், சேர்."

அவர் தன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்தக் கிழமையே என்னை வவுனியாவுக்கு பஸ் ஏற்றினார்கள், மாமாவின் அரிசி மில்லுக்கு. அங்கும் நிற்கவில்லை. மன்னார், திருகோணமலை, கொழும்பு என்று போனேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் திரும்பிப் போகவில்லை.

சில வருடம் கழித்து, சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்தபோது வீட்டுக்கு வந்தேன். அண்ணை வந்திருக்கவில்லை. சைக்கிள் அறைக்குள் நின்றது. கடைக்குத் தள்ளிக்கொண்டுபோய்க் காற்று அடித்து வந்து, கால் கழுவுவதற்காகப் படலையில் சாத்தினேன். குசினிக்குள்ளிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

"உந்தச் சைக்கிளை உங்கை சாத்தாதை! உள்ளை கொண்டுவா."

பின்னால் நின்ற என்னைக் கண்ட பிறகும் சைக்கிளிலிருந்து கையை எடுக்கவில்லை. தானே அதை அறைக்குள் உருட்டிக்கொண்டு போனார்.