நெத்திலிக்குக் காவல்

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இதைக் கேட்டவர்கள் எல்லோரும் வெயில் மண்டையில் ஏறியிருக்கும் என்கிறார்கள்; எனக்குப் பொறுக்காதது அதுதான். தமிழ் முதுகலை படிக்கிறேன். கண்ணால் கண்டதற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

எண்ணூருக்கு வடக்கே, கடலோரம், பழைய மீனவக் குப்பம் ஒன்று. மக்கள் வேறிடம் போய் வெகு காலமாகிறது. பாழடைந்த கோயிலும் வீடுகளின் அடித்தளங்களும்தான் மிச்சம். என் தோழி செல்வியின் அம்மா பிறந்த ஊர். கோயில் கல்வெட்டைப் பார்க்க இருவரும் நண்பகலில் போனோம். ஆட்டோவை அழைக்கலாம் என்று, சிக்னல் தேடிச் செல்வி சாலைப் பக்கம் நடந்தாள்.

அப்போதுதான் அந்த அம்மாளைப் பார்த்தேன். மணலில் வலை விரித்து நெத்திலி காயப்போட்டிருந்தார்.

"ஏம்மா, சும்மாதான நின்னுகினு கீற? இத்தக் கொஞ்சம் பாத்துக்க, காக்கா பேஜாரு பண்ணுது. தண்ணி மொண்டுகினு வந்துர்றேன்."

பனைமட்டை ஒன்றை என் கையில் திணித்தார். சரி என்றேன். காகங்கள் வந்தன, விரட்டினேன், மீன் வாடை மூக்கைத் துளைத்தது, நம்பினால் நம்புங்கள், ஒரு நெத்திலியைக் கொத்திக்கொண்டு பறந்த காகத்தைத் திட்டவும் செய்தேன்.

"இன்னாடி, வெறும் மண்ணுல மட்டைய ஆட்டிகினு கீற?" செல்வி வந்து நின்றாள். "ஆட்டோ வந்துடுச்சி, வா."

குனிந்தேன். வெறும் மணல். "அவங்க வரட்டும், பார்த்துக்கறேன்னு சொல்லியிருக்கேன்" என்றேன். கையைப் பிடித்து இழுத்துப் போனாள். வழியெல்லாம் ஆட்டோக்காரரோடு சேர்ந்து சிரித்தாள். சரி, வெயில்தான் என்றால் மட்டை எங்கிருந்து வந்தது? அங்கே பெயருக்கு ஒரு பனைகூட இல்லை!

காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய தன் அம்மாவிடமும் செல்வி இதை வேடிக்கையாகச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. நம்ப ஒருவராவது கிடைத்தார் என்று நிமிர்ந்தேன். அவரோ என்மேல் பாய்ந்தார்.

"அந்தம்மா வர்றதுக்குள்ள கெளம்பிட்டியா? காயப்போட்ட மீன அப்டியே வுட்டுட்டா வருவ? படிச்ச பொண்ணுதான நீ?"

யார் அவர் என்று கேட்டேன். கூடையைக் கழுவப் போய்விட்டார்.

இழுத்து வந்தது அவர் மகள், வசவு எனக்கு! இன்றும் ஆறவில்லை.

மட்டை என் கையோடு வந்துவிட்டது. திருவொற்றியூரில் எங்கள் மொட்டைமாடிக் கதவோரம் சாய்த்திருக்கிறேன். எறியச் சொல்கிறார்கள்; என்னுடையதல்லாததை எப்படி எறிவேன்? அமாவாசைதோறும் என் அம்மா காகத்துக்கு வைக்கும் சோறு இப்போது தொடுவாரின்றிக் காய்கிறது. காகங்கள் வராமலில்லை. எதிர்ச் சுவரில் வரிசையாக அமர்ந்து, சோற்றை விட்டுவிட்டு, என் கையையே பார்க்கின்றன.