பதினோரு நாளாகக் கிடந்த கேள்வி

போன சனிக்கிழமை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் வசந்தாவைப் பிடித்தேன். 'பிடித்தேன்' என்றுதான் சொல்ல வேண்டும். இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் செய்தவள் அவள்!

வசந்தா என்னோடு படித்தவள். இங்கே ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து சதுரங்கப்பட்டினம் போவாள். அங்குள்ள டச்சுக் கோட்டையைப் பார்க்க அல்ல. மீனவர்கள் வலையை உதறும்போது விழுகிற கடல் நத்தைகளைப் பார்க்க. எது எந்த மாதம் முட்டையிடுகிறது, எதன்மேல் ஒட்டி வைக்கிறது... ஆறு வருஷம் நோட்டில் எழுதினாள். அதுதான் அவளுடைய பிஎச்.டி. ஆராய்ச்சி.

இன்டர்நெட்டில் நத்தை ஆராய்ச்சிக்காரர்களுக்கென்றே ஒரு குழு உண்டு. ஒருவர் கேள்வி போட்டால் தெரிந்தவர் பதில் போடுவார். காலேஜ் விட்டதும் வசந்தா சென்டரில்தான் இருப்பாள். பிரேசில்காரருக்கும் பதில், கேரளாக்காரருக்கும் பதில். "உனக்கென்னடி லாபம்?" என்பேன். சிரிப்பாள்.

சில மாதங்களுக்கு முன் அந்தச் சிரிப்பு போனது.

வெளிமாநிலப் பேராசிரியர் ஒருவர் எப்போதோ கேட்டார் என்று, முட்டையிடும் மாதங்களின் அட்டவணையை முழுசாகக் குழுவில் போட்டிருந்தாள். அது ஓர் ஆராய்ச்சி இதழில் வந்தது — அவர் பெயரில். 'நன்றி' என்ற இடத்தில்கூட இவள் பெயர் இல்லை. வசந்தாவின் கைடு கையை விரித்துவிட்டார்.

"அச்சுல வந்தாச்சேம்மா. இனிமே உன் தீசிஸ்ல இதைப் புதுசுன்னு காட்ட முடியாது."

அந்தப் பேராசிரியருக்கு மெயில் அனுப்பினாள். ஒரே வரியில் பதில்: எல்லோரும் பார்க்கிற இடத்தில்தானே போட்டீர்கள்?

குழுவை விட்டாள். சதுரங்கப்பட்டினத்தையும் விட்டாள். ஒருநாள் நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் கேட்டார்:

"இன்னா டீச்சரம்மா, ஆளையே காணோம்? நத்தை வந்துகினுதான் கீது. வாரிக் கடல்லயே கொட்டிடறோம்."

வசந்தா திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அப்படிப்பட்டவள்தான் சனிக்கிழமை மறுபடி அந்தக் குழுவில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா?

"பட்டது பத்தலையா உனக்கு?"

"கத்தாதடி. ஒரிசாவுல ஒரு பொண்ணு... முட்டைக்கூட்டை போட்டோ புடிச்சுப் போட்டு, இது எந்த நத்தையோடதுன்னு கேட்டிருக்கா. பதினோரு நாளா ஒருத்தரும் பதில் சொல்லல. எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"நாளைக்கு அவளும் இதை எடுத்துகினு..."

"எடுத்துக்கட்டும்." கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். "ஸ்டாஃப் ரூம்ல நத்தைன்னு வாயைத் திறந்தா, குழம்பு வெச்சா நல்லா இருக்குமான்னு கேக்கறாங்க. வூட்ல அதுகூடக் கேக்கறது இல்ல. நான் பேசறது புரியற ஆளுங்க இந்த உலகத்துலயே ஒரு நாப்பது பேர் இருப்பாங்களா? அத்தனை பேரும் இந்தப் பொட்டிக்குள்ளதான்டி இருக்காங்க."

இத்தனை நாள் அவள் எல்லோருக்கும் பதில் போட்டதைத் தாராள மனசு என்று நினைத்திருந்தேன். தனிமை என்று தோன்றவே இல்லை. தெரிந்ததை அள்ளிக் கொடுக்கிறவர்களை மேடை போட்டுப் புகழ்கிறோம். அதில் பாதிப் பேர் கேட்க ஆளில்லாமல்தான் கொடுக்கிறார்களோ? உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம் — எதையோ ஆசையாகச் சொல்ல ஆரம்பித்து, நீங்கள் டி.வி. சத்தத்தைக் கூட்டியதும் பாதியில் நிறுத்திக்கொண்டவர். நான் மட்டும் என்ன? அவள் நத்தைப் பேச்சை எத்தனை முறை மாற்றியிருப்பேன்...

தீசிஸில் அந்த அத்தியாயம் போனது போனதுதான். இன்னொரு ஆறு வருஷம் கரையில் நிற்கத் தெம்பில்லை என்கிறாள்.

நேற்று அவளைப் பார்த்தபோது கேட்டேன்.

"அந்த ஒரிசாப் பொண்ணு தேங்க்ஸாவது சொன்னாளா?"

"இல்லடி. இன்னொரு கேள்வி கேட்டிருக்கா."

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!