வாய் திறக்காத காலை

செக்ஷன் அண்ணன் தூண்டில் முள்ளைக் கண்ணருகே கொண்டுபோக மாட்டார். கீழுதட்டில் வைத்துப் பார்ப்பார். முள்ளின் வளைவை உதட்டின் ஓரத்தில் மெல்ல உருட்டிவிட்டு, "இது விராலுக்கு ஆவாது, கெண்டைக்குத்தான் ஆவும்" என்பார். வாங்க வந்தவர்கள் அதை ஏதோ தொழில் ரகசியம் என்று எண்ணி வாய் பிளந்து நிற்பார்கள். அவர் பக்கத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பார்வை மங்கிக்கொண்டே வந்த ஒரு மனிதர், அது வெளியே தெரியாமலிருக்கக் கண்டுபிடித்த வழி அது.

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையில் இருந்தது எங்கள் கடை. பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு கம்பெனியின் கடை. கோட்டை ஏற வருகிறவர்களுக்கு ஷூ, முதுகுப்பை, மழைக்கோட்டு, கூடாரம் எல்லாம் முன்பக்கம். பின்பக்கம் மீன்பிடிச் சாமான்கள். அதைத்தான் கடையில் 'செக்ஷன்' என்போம், அவருக்கு அந்தப் பேரும் அப்படி வந்ததுதான். அந்தப் பகுதிக்கு நாங்கள் இரண்டே பேர், அவரும் நானும். பனமலை ஏரிக்குப் போகிறவர்கள், வீடூர் அணைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிச்சேரியிலிருந்து காரில் வருகிறவர்கள் என்று எல்லோரும் அவரைத்தான் தேடி வருவார்கள். ஞாயிறு மாதா கோயிலில் முதல் பூசை முடித்து நேராகக் கடைக்கு வந்துவிடுவார். சட்டைக் காலருக்கு உள்ளே மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு தெரியும். விலை கூடிய ரீலை ஒருவர் எடுத்தால், "உங்க ஏரிக்கு இது வேணாங்க, கீழ இருக்குது பாருங்க, அத எடுங்க" என்று தடுத்துவிடுவார். நான்கு முள் வேண்டும் என்றால் நான்கு மட்டும் எண்ணிக் கொடுப்பார். சிக்கிய ரீலைப் பிரித்து எண்ணெய் போட்டுத் தருவார். கம்பெனி ஒரு தூண்டில் கோலுக்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம் கொடுத்தது. ஒடிந்தால் மாற்றித் தருவார்கள். அதை நம்பச் சொல்லி ஊர் ஊராக விற்றது அவர் வாய்தான்.

பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தால்தான் பில் வரும். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அவர் பெட்டியை என் பக்கமாக லேசாகச் சாய்ப்பார். நான் தலையைத் திருப்பாமலே எண்ணை முணுமுணுப்பேன். அவர் உரக்கச் சொல்லிக்கொண்டே அடிப்பார். இரண்டு வருடம் இப்படி நடந்தது. இதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அவர் மனைவி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். அங்கே வேலை முடிந்ததும் மதியம் அவருக்குச் சோறு கொண்டுவருவார். எனக்கென்று தனியாக ஒரு கிண்ணத்தில் குழம்பு இருக்கும். "நீ பக்கத்துல கீறதால எனக்கு டென்சன் இல்ல தங்கச்சி" என்று அண்ணி ஒருமுறை சொன்னார். எதற்காகச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவும் இல்லை.

சாலைக்கு எதிர்ப்புறம் இன்னொரு பெரிய கம்பெனியின் கடை இருந்தது. அவர்கள் ஷூவுக்குத் தள்ளுபடி போட்டால் மறுநாள் நாங்கள் போடுவோம். எங்கள் பலூனைப் பார்த்து அவர்கள் பலூன் கட்டுவார்கள். அந்தப் போட்டியில் லாபம் அடைந்தது செஞ்சிக்காரர்கள்தான். பிறகு ஒருநாள் அவர்கள் எங்களை வாங்கிவிட்டார்கள். "வாங்கிட்டாங்கன்னு சொல்லாதீங்க, இணைஞ்சிட்டோம்னு சொல்லுங்க" என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு கடை ஆட்களையும் நிற்கவைத்து கேக் வெட்டிப் படம் எடுத்தார்கள். அடுத்த வாரமே ஏரியா மேனேஜர் வந்தார். ஒரு பகுதிக்கு ஒரு ஆள் போதும் என்றார்.

எங்களை ஒவ்வொருவராகக் கிடங்குக்குள் அழைத்துப் பேசினார். என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. "ரெண்டு பேர்ல உன்ன ஏம்மா வெக்கணும்?" எனக்குக் குழந்தை இருந்தது, எங்கள் ஊரான வல்லத்தில் ஒரு வேலையும் இல்லாத கணவன் இருந்தான். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் இவை எல்லோருக்கும் இருக்கிற காரணங்கள், எடுபடாது என்று எனக்குத் தெரிந்தது. எடுபடக்கூடியது எது என்றும் தெரிந்தது. "அவருக்குக் கண்ணு தெரியாது சார்" என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை.

மறுநாள் காலை கடை திறந்ததும் எல்லோரையும் கல்லாவுக்கு முன்னால் கூட்டினார். புதிதாக வந்த ரீல் பெட்டி ஒன்றை அண்ணன் கையில் கொடுத்தார். "சும்மா ஒரு டிரெய்னிங்தான். இதுல இருக்கிற நம்பரச் சொல்லுங்க." முன்வரிசையில் நின்ற பெண்கள் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கினார். வழக்கம்போல என் பக்கமாகச் சாய்த்தார்.

நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். எண் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. உதட்டை அசைத்தால் போதும். நான் எதிர்ச்சுவரில் தொங்கிய கூடாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பெட்டியை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். எனக்குக் கேட்கவில்லை போலும் என்று நினைத்திருப்பார். அப்புறம் பழைய ரீலின் எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். "தப்பு. இன்னொரு தடவ." அவர் இன்னொரு பழைய எண்ணைச் சொன்னார். அதன்பின் மூன்றாவதாக ஒன்று. பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். "போதும்ணே, குடுங்க" என்று மேனேஜர் பெட்டியை வாங்கிக்கொண்டார். அன்று மதியம் அண்ணி சோற்றுப் பையோடு வந்தபோது அண்ணன் கடையில் இல்லை. எனக்கு வைத்திருந்த கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுத்தான், "எங்க அவுரு?" என்று கேட்டார். சீக்கிரமே போய்விட்டார் என்று மட்டும் சொன்னேன். அவர் போனதும் அந்தக் குழம்பைச் சாப்பிடவும் செய்தேன்.

அதன்பின் எங்கள் பகுதி மளமளவென்று மாறியது. முள் சில்லறையாகக் கிடையாது, முழு அட்டையாகத்தான் வாங்க வேண்டும். ரீல் பழுது பார்ப்பது நின்றது. கம்பெனி தன் பேரிலேயே விற்ற கோல் மட்டும்தான் கிடைத்தது. கேட்டவர்களிடம், "இஷ்டம்னா எடுங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். கோபித்துக்கொண்டு போக அவர்களுக்குச் செஞ்சியில் தூண்டில் விற்கிற இன்னொரு கடை இல்லை.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் அண்ணன் வந்தார். ஒரு கை கவுன்டரின் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தது. மறு கையில் துணி சுற்றிய தூண்டில் கோல். நுனி ஒடிந்திருந்தது.

"பனமலையிலேர்ந்து ரெண்டு பேரு வூட்டுக்கே வந்துட்டாங்க தங்கச்சி. உத்தரவாதம் செல்லாதுன்னு இங்க தொரத்திட்டாங்களாம். உன் வாயால சொன்னதாலதான வாங்கனோம்னு கத்தறாங்க. அதான் என்னோடத எடுத்துக்கினு வந்தேன். இந்தா கார்டு. எனக்குப் படிச்சுக் காட்டு."

அட்டையின் பின்பக்கம் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை அவர் ஒருநாளும் படித்திருக்க முடியாது. நானும் அவருக்குப் படித்துச் சொன்னதில்லை. கம்பெனி கைமாறினால் இந்த உத்தரவாதம் புதிய உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது. அதை உரக்கப் படித்தேன். வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள். "இன்னொரு வாட்டி" என்றார். திரும்பவும் படித்தேன். அவர் அட்டையை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் படிக்கிற. அன்னிக்கும் படிச்சிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். கோலை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் அது கவுன்டரில் கிடந்தது. மூன்றாம் நாள் கடை கூட்டுகிறவர் குப்பையில் போட்டார்.

என் வெற்றி ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. ஒரே சாலையில் எதற்கு இரண்டு கடை என்று கம்பெனி எங்கள் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு எதிர்க்கடைக்கு எல்லாவற்றையும் மாற்றியது. எதிர்க்கடை இருந்தது பழகிய ஊர்க்காரர்களான ஒரு ஜைனக் குடும்பத்தின் கட்டடத்தில். தூண்டில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுப் பெரியவர் வந்தார். ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "சார், கோவிச்சுக்காதீங்க. உயிர் எடுக்கிற சாமான் இந்த எடத்துல விக்கிறதில்லன்னு பேசித்தான் வாடகைக்கு வுட்டோம். பத்திரத்துலயே இருக்குது" என்றார். குரல் உயரவே இல்லை. ஏரியா மேனேஜர் பத்திரத்தை வாங்கிப் படித்துவிட்டு, "சரி, வண்டில ஏத்துங்க" என்றார். அரை மணி நேரத்தில் என் பகுதி லாரி ஏறிப் போனது. எந்த வேலைக்காக அவரைக் காட்டிக்கொடுத்தேனோ அந்த வேலையே இல்லாமல் போயிற்று. பாவம் பார்த்து என்னை ஷூ பகுதியில் போட்டார்கள். தூண்டில்காரர்கள் இப்போது திண்டிவனத்துக்கு பஸ் ஏறுகிறார்கள், அல்லது போனில் வரவழைத்து, அளவு தப்பாக வந்ததை என்னிடம் கொண்டுவந்து காட்டித் திட்டுகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அண்ணனைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை.

இந்தத் தை மாதம் அவர் வந்தார். அண்ணி கையைப் பிடித்து அழைத்துவந்து ஸ்டூலில் உட்காரவைத்தார். சர்க்கரை நோயில் கண் முழுவதும் போய்விட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. இடது காலில் இரண்டு விரல் இல்லை. அண்ணி என்னைப் பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "மூடுன ஷூதான் போடணும்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. ஒம்பதாம் நம்பர்" என்றார்.

நான் பேசாமல் எடுத்துவந்து அவர் காலடியில் மண்டியிட்டேன். பாதம் கட்டைபோல் குளிர்ந்திருந்தது. தொட்டது அவருக்குத் தெரியவில்லை. விரல் இல்லாத இடத்தில் பஞ்சு வைத்து ஷூவை மாட்டி, நாடாவைக் கட்டினேன். என் தலைக்கு மேலிருந்து அவர் கேட்டார்.

"புதுப் பொண்ணா? சத்தமே காணோம்."

"ஆமா, புதுசு" என்றார் அண்ணி.

அவர் எழுந்து நான்கடி நடந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "நல்லா பதமா கட்டிக்கீது. உம் பேரு இன்னாம்மா?"

நான் நிமிர்ந்து வாய் திறந்தேன். அதற்குள் அண்ணி அவர் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பிவிட்டார்.

"பேரு இன்னாத்துக்கு? வாங்க, பஸ் வந்துடும்."