பார்னெனெஸ்: சாந்து பூசாத கல்லறை

என் வீட்டுக்காரர் மொன்ட்ரியாலில் மேசன் வேலை செய்தவர். பிரான்சின் கடலோரத்தில் ஆறாயிரம் வருசத்துக்கு மேலாக நிற்கிற ஒரு கல்லறையைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து ஒரே கதைதான்: "சாந்தில்லாமல் அடுக்கினதாம். பொய்! போய்த் தடவிப் பாக்கவேணும்."

பார்க்காமலே, போன ஒக்டோபரில் கண்ணை மூடிவிட்டார். சாம்பலை ஆற்றில் விட எனக்கு மனம் வரவில்லை, அலுமாரியில் வைத்திருந்தேன். அவருடைய அண்ணன் பக்கத்து ஊரான புரோசார்டிலிருந்து கிழமைக்கொருக்கால் போன் எடுப்பார்.

"சாம்பலை வீட்டில வைக்கக் கூடாது, பிள்ளை."

"பேந்து பாப்பம், அண்ணை."

இந்த ஜூனில் மகள் தர்சினியோடு அந்தக் கல்லறைக்குப் புறப்பட்டேன். பாரிசுக்கு ஏழு மணித்தியால விமானம். அங்கிருந்து மொர்லே ஊருக்கு மூன்று மணித்தியால ரயில். பிறகு டாக்சி, பதின்மூன்று கிலோமீற்றர், முப்பத்தெட்டு யூரோ. நான் பிரெஞ்சில் வாயைத் திறந்ததும் சாரதி சிரித்து, "கெபெக்கோ?" என்றார். எங்கள் கெபெக் மாகாணத்துப் பிரெஞ்சைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்!

எழுபத்திரண்டு மீற்றர் நீளக் கற்குவியல். உள்ளே பதினொரு அறைகள். முன்னொரு காலம் ரோட்டுக்குக் கல் எடுக்க வந்தவர்கள் ஒரு பக்கத்தைப் பிளந்துவிட்டதால் உள்கட்டு வெளியே தெரிகிறது. தட்டைக் கற்களை வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு வரியையும் கீழ் வரியைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கொண்டுபோய், உச்சியை மூடியிருக்கிறார்கள். பின்னால் குவித்த கற்பாரம்தான் சரியாமல் பிடிக்கிறது.

வெளிச்சுவர் இடுக்கில் விரலை விட்டேன்.

"என்னம்மா செய்யிறீங்கள்?"

"கொப்பருக்குச் சாந்து தேடுறன்."

"இருக்கோ?"

"மண்ணாங்கட்டி. மனுசன் தோத்துட்டார்."

வழிகாட்டிப் பெண்ணிடம், எலும்புகளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். இந்த மண்ணில் அமிலம் அதிகம், எலும்பு நிற்காது, எல்லாம் மண்ணோடு போய்விட்டது என்றாள். புல்லில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு கல் சுமந்து கட்டியவர்களாலேயே ஆளை வைத்திருக்க முடியவில்லை. நான் ஒரு அலுமாரியை நம்பிக்கொண்டிருந்தேன். அங்கிருந்தே போன் எடுத்தேன்.

"அண்ணை, வாற ஞாயிறு ஆத்துக்குப் போவம்."

எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிறகு, "சாப்பிட்டியோ, பிள்ளை?" என்றார்.

போகிறவர்கள் ஜூனிலும் சுவெற்றர் கொண்டுபோங்கள், கடற்காற்று சும்மா விடாது. அறைகளுக்குள் விடமாட்டார்கள், வாசலில் குனிந்து பாருங்கள். திரும்பும் டாக்சியை முன்பே பேசி வையுங்கள், அங்கே நின்று பிடிக்கமுடியாது.

மொன்ட்ரியால் திரும்பி, ஞாயிறு காலை அண்ணையோடு வீட்டுக்குக் கிட்ட ஓடும் ஆற்றில் இறங்கினோம். சாம்பல் தண்ணீரில் கொஞ்ச நேரம் வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

"அப்பா போயிட்டார், அம்மா" என்றாள் தர்சினி.

"ஓம், பிள்ளை" என்றேன்.