ஜெபக்கூட்டம் வராத வீடு

1. அப்பா காலமான பின் அம்மா திருவனந்தபுரத்தில் வலியசாலைக்கு அருகே, ஓர் அறையும் அடுக்களையும் மட்டுமே உள்ள வீட்டில் தனியாக வாழ்ந்தார்கள்.
2. எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை மாலை ஜெபக்கூட்டம், முறை வைத்து வீடு வீடாக நடக்கும்.
3. அம்மாவின் முறை ஒவ்வொரு தடவையும் அடுத்த வீட்டுக்கு மாற்றப்பட்டது.
4. அடக்கத்தன்று சபை முழுவதும் அம்மாவின் வீட்டுக்கு வந்தது.

இந்த ஓராண்டு நினைவு மலரில் நான்காவதற்கு நன்றி எழுதும்படி சபைச் செயலாளர் கேட்டுக்கொண்டார். மூன்றாவதை விட்டுவிட்டு அதை எழுத எனக்கு வரவில்லை.

அம்மா மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள். திருமணமாகித் திருவனந்தபுரம் வந்தார்கள். அப்பாவின் ஓட்டல் வேலை நிலையில்லாதிருந்த வருடங்களில், தையல் தைத்து என்னைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தார்கள். எனக்குக் கொச்சியில் வரைபட வேலை கிடைத்தபோது உடன் வர மறுத்துவிட்டார்கள். "இங்க எனக்குச் சபை உண்டும்மா" என்றார்கள்.

அந்தச் சபை கிறிஸ்துமஸுக்குச் சேலை கொடுத்தது. அம்மா கேட்டது சேலை அல்ல. புதுப் பாய்கள் வாங்கி வைத்துக்கொண்டு, தம் வீட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை தரும்படி கேட்டார்கள். நானும் உடன் இருந்தேன்.

"அம்மைக்கு எதுக்கு இந்தப் புத்திமுட்டு? இத்தனை பேருக்குக் காப்பி, பலகாரம்னு ஒத்தைக்குக் கஷ்டப்படணுமா?" என்றார் செயலாளர்.

"அந்தப் புத்திமுட்டுதான் ஐயா எனக்கு வேணும்" என்றார்கள் அம்மா.

அவர் சிரித்தார். அம்மாவுக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்.

இதற்கு இரக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். தனியாக இருப்பவருக்குக் கொடுக்க மட்டுமே தெரிந்த, அவர் கையால் ஒரு வாய் வாங்கிச் சாப்பிடத் தெரியாத இரக்கம். சபையார் அம்மாவின் வீட்டுக்குள் உட்கார்ந்தது அம்மாவால் எழுந்து உபசரிக்க முடியாத அன்றுதான்.

என் நன்றி எதிர்வீட்டு மாமிக்கு. கோயிலும் ஆசாரமுமாக இருப்பவர், அம்மாவின் அடுக்களைக்கே தினமும் வந்து காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். "நேத்திக்கே சொன்னேனே, இன்னிக்கும் சக்கரை போறலை" என்று குறையும் சொல்வார். அம்மா படுத்த படுக்கையான கடைசி வாரத்தில், தானே காப்பி போட்டு எடுத்து வந்து கட்டிலருகே உட்கார்ந்தவரும் அவரே. மாமி, உங்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

வீட்டைச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டேன். எங்கள் சபையில் தனியாக வாழ்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த மாதத்து வெள்ளிக்கிழமைகள் எந்தெந்த வீடுகளில் என்று, ஓராண்டு நினைவுக்காக நான் வந்திருந்த சென்ற ஞாயிறு ஆராதனையில் வாசித்தார்கள். அவர்கள் வீடு ஒன்றுகூட அதில் இல்லை.