கப்பல் ஓடாததால் தப்பிய ஸ்கூட்டர்

இத்தாலியின் பலெர்மோ நகரில் எனக்கிருந்த ஒரே சொத்தான ஸ்கூட்டரை பக்கத்துச் சிறு தீவுக்காரர் ஒருவருக்கு விற்றேன்; கப்பலில் ஏற்றி அனுப்புவதாகப் பேச்சு. அவர் தந்த காசோலையை வங்கியில் போட்ட மறுநாளே கணக்கில் காசு தெரிந்தது. தீவுக் காசோலைகளும் இப்போது விரைவாக மாறும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"பொறடா, செக் பாஸாகிட்டுதோ எண்டு வங்கியிலை கேள்," என்றான் அறைத்தோழன் சுதன்.

"நீ கிழவன் மச்சான். காசு வந்திட்டுது, நான் ஸ்கூட்டரைக் கப்பலிலை ஏத்தப் போறன்."

துறைமுகத்துக்குப் போனால், கடல் கொந்தளிப்பால் கப்பல் ஓடவில்லை. திட்டிக்கொண்டே ஸ்கூட்டரோடு திரும்பினேன்.

இரண்டு நாளில் காசோலை திரும்பியது. தெரிந்த காசும் மறைந்தது.

"கிழவனுக்கு ஒருக்கா ஓடத் தாறியோ?" என்றான் சுதன்.

பிறகு பலெர்மோவின் பல்லரோ சந்தை மீன்காரர் ஒருவர் ஸ்கூட்டரை வாங்கினார். அவரும் காசோலைதான் தந்தார். பாஸாகிவிட்டது என்று வங்கி சொல்லும்வரை சாவி என் சட்டைப்பையிலேயே இருந்தது.